மதியத் தூக்கத்தில் நேரான கோடுகள்

அந்த வீட்டுக்குக் கார் வாங்கும் யோகம் இன்றுவரை வாய்க்கவில்லை. ஆனால் வீடு முழுக்கக் கார்கள்தான். ஜன்னல் திட்டில், டிவிக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் தலைமேல், எங்கே கையை வைத்தாலும் உள்ளங்கை அளவில் ஒரு கார் நின்றுகொண்டிருக்கும். உப்பு டப்பாவை எடுக்கப் போனால் அதற்குப் பின்னால் ஒரு பழைய பால் வண்டி பதுங்கியிருக்கும். அங்கே வந்து பழகியவர்கள் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை சம்பந்தியம்மாள் பார்க்காமல் உட்கார்ந்து ஒரு ஜீப்பின் பம்பரை உடைத்துவிட்டாள். வீட்டுக்காரர் அந்த அம்மாளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பம்பரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனவர், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் பெயின்டர். ஒர்க்‌ஷாப்பில் நிஜக் கார்களுக்கு ஸ்ப்ரே அடித்துப் பாதி ஆயுளைக் கழித்தவர். அந்தப் புகை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதும் வேலையை விட்டுவிட்டுச் சின்னக் கார்களுக்கு வந்து சேர்ந்தார். பொம்மைக் கார் என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொம்மைன்னா குழந்தைங்க வெச்சு விளையாடுறது. இது வண்டி. சின்னதா இருக்கு, அவ்வளவுதான்" என்பார். ஆசைப்பட்டு பிளாஸ்டிக் உதிரி பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கி, அரையும் குறையுமாக ஒட்டி, விரலெல்லாம் பசையாகி, கடைசியில் அலுத்துப் போனவர்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் ஒட்டி, இடுக்குகளில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடிப்பார். அப்புறம்தான் அவருக்குப் பிடித்த வேலை ஆரம்பிக்கும். பின்விளக்கின் சிவப்பு, சீட்டின் தையல், மழையில் ஓடிய வண்டி என்றால் சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் சேறு.

அவர் மனைவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பியூட்டி பார்லரில் வேலை பார்த்தாள். புருவம், முடி எல்லாம் மற்றப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். நகம் மட்டும் இவள் பொறுப்பு. கல்யாணப் பெண்ணின் சுண்டுவிரல் நகத்தில் ஐந்து இதழோடு ஒரு பூ வேண்டுமென்றால் ஊரில் இவளைத்தான் தேடி வருவார்கள். தெருவில் அவளுக்குப் பெயர் பார்லர்க்கா. "நீங்க ரெண்டு பேரும் ஊரையே பூசி மெழுகிட்டீங்க, உங்க வீட்டுச் செவுத்துக்கு எப்ப அடிக்கப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டு டெய்லர் கிண்டல் செய்வார். சுவரில் காரை பெயர்ந்திருந்தது உண்மைதான்.

பெயின்டரின் கை நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்று அவளால் சொல்ல முடியாது. முதலில் கண்ணில் பட்டது டீ டம்ளர். ஒரு கையில் டம்ளரும் மறுகையில் பேப்பருமாக உட்காருகிற மனுஷன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். குளிருது என்றார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அப்புறம் சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் விட்டார். யாராவது வந்தால் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்துகொண்டார்.

அவள் கேட்கவில்லை. அதற்குக் காரணம் மாமனார். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். முதலில் கை நடுங்கி டிக்கெட்டுகள் கீழே விழுந்தன, அப்புறம் சில்லறை விழுந்தது, அப்புறம் வேலையே போனது. சில வருஷம் கழித்துத் தலையும் குழம்பிப் போய், சோறு ஊட்டிவிடுகிற மகனையே நிமிர்ந்து பார்த்து, "எந்த ஸ்டாப்புங்க நீங்க?" என்று கேட்பார். கல்யாணமான புதிதில் அவள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். "ஸ்டாப்பு வந்தா நானே எறங்கிக்கறேன்பா, நீ சாப்பிடு" என்று பெயின்டர் பதில் சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பார். அவள் அடுப்படியில் நின்று அழுவாள். அதனால் இப்போது டம்ளர் ஆடியபோது இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். வாய்விட்டுக் கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பார்லரிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பிட்டதும் பெயின்டர் பாயை விரித்துப் படுத்துவிடுவார். ஒர்க்‌ஷாப் காலத்துப் பழக்கம், காருக்கு அடியிலேயே அட்டையைப் போட்டுத் தூங்கியவர். அப்படி ஒரு மதியம் அவள் பின்னறையைக் கூட்டப் போனபோது மேஜைமேல் ஒரு சிவப்பு வேன் நின்றது. அதன் பக்கவாட்டில் ஓடவேண்டிய வெள்ளிக் கோடு, குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் போல அங்கேயும் இங்கேயும் தள்ளாடியிருந்தது.

அவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கோடு போடுவதெல்லாம் தண்ணீரில் கரையும் பெயின்ட். ஈரப் பஞ்சால் தொட்டால் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். துடைத்தாள். வேனின் உடம்பில் அந்தக் கோடு ஓடவேண்டிய இடம் நூலிழை உயரத்துக்கு மேடாக இருந்தது. பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து அந்த மேட்டின்மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். நகத்தின் விளிம்புக்கு வெள்ளை தீட்டுவது இதைவிடக் கஷ்டம். அந்த ஒரு கோட்டைச் சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

"இங்க வாயேன். இந்தக் கோட்டைப் பாரு."

"ஏன், என்ன அதுக்கு?"

"என்னவா? மத்தியானம் இதைக் கோணலாப் போட்டுட்டேன்னு நெனச்சு, சோறுகூட சரியா எறங்காமப் படுத்தேன். எழுந்து வந்து பாத்தா கத்தி மாதிரி நிக்குது. கண்ணுதான் ஏமாத்தியிருக்கு. கை நல்லாத்தான் இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் முகத்தை அவள் பார்த்தாள். எத்தனையோ நாள் கழித்து அவர் அன்றைக்கு ஒரு கையால் டீ குடித்தார். கொஞ்சம் சிந்தியது, அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

மழைக்காலம் பிறந்திருந்தது. மதியங்களில் பின்னறைக்குள் ஒரு சாம்பல் வெளிச்சம் வந்து நின்றுகொள்ளும். தூசி பறக்கும் என்று அங்கே மின்விசிறி போடுவதில்லை. பூசிய கார்கள் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கும். கூடத்தில் அவர் குறட்டை, வெளியே ஓட்டில் மழை, இரண்டும் எங்கேயோ கலந்து ஒன்றாகிவிடும். அவள் வேலையை முடித்துவிட்டுக் கன்னத்தை மேஜையில் வைத்துப் படுத்துக்கொள்வாள். அப்படிப் படுத்தால் கண் மேஜை மட்டத்துக்கு வந்துவிடும். மேஜை ரோடாகிவிடும். பெயின்ட் பாட்டில்கள் ரோட்டோரத்துத் தண்ணீர்த் தொட்டிகளாக நிற்கும். எதிரே நிற்கிற வண்டியின் கண்ணாடி வழியாக உள்ளே சீட்டு தெரியும், சீட்டின் தையல் தெரியும்.

பார்த்துக்கொண்டே இருந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். எப்படிப் போனாள் என்று தெரியாது. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்கும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், கை கல்லுப் போல ஆடாமல் இருக்கும். பின்சீட்டில் அவர்கள் மகள் பாப்பா, கல்யாணம் ஆகிப் போகாத பாப்பா, பல் விழுந்த வாயோடு ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு அதில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருப்பாள். வண்டி போகும். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இருபுறமும் இன்னும் பெயின்ட் அடிக்காத வெள்ளை மரங்கள். எங்கேயோ ஒரு வளைவில் அவர் திரும்பி, "தூக்கம் வருதா?" என்று கேட்பார். அந்தக் குரலில் அவள் விழித்துக்கொள்வாள். கன்னத்தில் மேஜையின் வரி பதிந்திருக்கும். பார்லருக்கு ஓடுவாள்.

டிரைவிங் மாஸ்டர் அவர்கள் வீட்டுக்கு வந்தது அந்த மழைக்காலத்தில்தான். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சமீபத்தில்தான் ஸ்கூலை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பிரிக்காத பெட்டி, இன்னொரு கையில் ஒரு போட்டோ.

"உள்ள வரலாமா? வண்டி எதுவும் கீழ நிக்கலையே?"

"நாற்காலியை மட்டும் பாத்து உக்காருங்க மாஸ்டர்" என்றார் பெயின்டர்.

மாஸ்டர் போட்டோவை நீட்டினார். மேலே க்ரீம், கீழே வெளிர்ப் பச்சை, நடுவில் முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஓடும் வெள்ளிக் கோடு. "காயலான் கடைக்குப் போயிடுச்சு. இதே மாடல் பெட்டியில கெடைச்சுது. இந்த வண்டியில எத்தனை பேரு அழுதிருக்காங்க தெரியுமா உங்களுக்கு?"

"நம்ம வீட்டம்மாகூட உங்ககிட்ட கத்துக்க வந்தவதான்."

"ஞாபகம் இருக்கு. மூணாம் நாளே நின்னுட்டாங்க."

"அன்னைக்கு நீங்க என்ன திட்டினீங்க, அது ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள், டீயை வைத்துக்கொண்டே.

"நான் எல்லாரையும் ஒரே மாதிரிதாம்மா திட்டுவேன். பாரபட்சம் கெடையாது." தெருவில் ஒரு பைக் சட்டென்று திரும்பிய சத்தம் கேட்டது. மாஸ்டரின் கால் தன்னால் தரையை அழுத்தியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு பெயின்டரே. பக்கத்து சீட்டுக்குக் கீழ எனக்குன்னு இன்னொரு பிரேக் இருக்கும். அது பெட்டியில வராது. நீங்கதான் செஞ்சு வெக்கணும்."

"கதவு தெறக்காதுங்களே. யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

பெயின்டருக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. மாஸ்டர் போனபிறகு இரண்டு தரம் அதைச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தது அதற்கப்புறம்தான்.

அந்த வண்டியை அவர் கண்ணும் கருத்துமாகச் செய்தார். மழை விட்ட நாட்களாகப் பார்த்து ஸ்ப்ரே அடித்தார். ஈரக் காற்றில் அடித்தால் பளபளப்பு செத்துவிடும் என்று, மூன்று நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தார். அரிசியில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சில்லை வெட்டி, கம்பி ஒட்டி, அந்த இரண்டாவது பிரேக்கைச் செய்தார். பொருத்தப் போகும்போது அது இடுக்கியிலிருந்து துள்ளி விழுந்துவிட்டது. கணவனும் மனைவியும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். மேஜைக்கு அடியில் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. கடைசியில் அது அவள் குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிரேக்கு மேலயே நின்னுட்டுப் பிரேக்கைத் தேடுறியே, மாஸ்டர் திட்டாம என்ன செய்வாரு?" என்றார்.

வேலை செய்யும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார். கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "உடம்புக்கு எனாமல். அது நிதானமான ஆளு, காய நாளாகும். அதுக்கு மேல தண்ணிப் பெயின்ட்தான் வரணும். தின்னர் வாடை அடிக்கிற ஐட்டம் எதையும் மேல கொண்டாந்துடக் கூடாது. கீழ இருக்கிறதைச் சுருட்டிடும்." இதை அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள், பெண்டாட்டிகள் இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்கிற விதத்தில்.

அந்த வாரம் மகள் போன் செய்தாள். கல்யாணம் ஆகி வேறு ஊரில் இருக்கிறவள்.

"அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?"

"என்ன ஆச்சு? நல்லாத்தான் இருக்காரு. மாஸ்டர் வண்டி ஒண்ணு வந்திருக்கு, அதுலயே மூழ்கிக் கெடக்காரு."

"வீடியோல பேசும்போது கையைக் காட்டவே மாட்டேங்கிறாரு. போனை எங்கயோ சாய்ச்சு வெச்சிட்டுப் பேசுறாரு. பாதி நேரம் ஃபேன்தான் தெரியுது."

"அவருக்குப் போன் புடிக்கத் தெரியாதுடி."

"அம்மா."

"என்ன?"

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை.

மாஸ்டர் வண்டியை வாங்க வருவதாகச் சொன்ன நாளன்று மதியம், அவள் சாப்பிட வந்தபோது பெயின்டர் ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தார். பின்னறையில் வண்டி நின்றது. வலது பக்கக் கோடு பரவாயில்லை. இடது பக்கம், டிரைவர் கதவுக்கு நேர் எதிர்ப்புறம், மாஸ்டர் காலமெல்லாம் உட்கார்ந்த பக்கம், கோடு மேட்டைவிட்டு இறங்கிப் பச்சைக்குள் வழிந்திருந்தது. வெள்ளிப் பாட்டில் காலி. அதில் பாதி பேப்பரில் கொட்டிக் காய்ந்திருந்தது. கொட்டிய இடத்தைச் சுற்றி அவர் விரல்களின் அடையாளம், வழித்தெடுக்கப் பார்த்திருக்கிறார்.

அவள் கோணல் கோட்டைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான் திரும்பப் போட வெள்ளி இல்லை என்பது உறைத்தது. கடைக்குப் போய்வர நேரம் கிடையாது. அலமாரியில் தேடினாள். கைப்பையை எதற்கோ திறந்தபோது பார்லர் பாட்டில் கண்ணில் பட்டது. வெள்ளி நிற நெயில் பாலிஷ். காலையில் ஒரு வீட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தது.

நெயில் பாலிஷும் தின்னருக்கு உறவுக்காரிதான் என்று அவளுக்குத் தெரியாதா? நாள் முழுக்க அந்த வாடையில்தான் நிற்கிறாள். ஆனால் பார்லர் வாடை பார்லருக்கு, வீட்டு வாடை வீட்டுக்கு என்று மூக்கு பழகியிருந்தது. பிரஷ்ஷில் தொட்டு இழுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஒரு கோடு விழுந்தது. இதுவரை போட்டதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது என்று பெருமையாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் திரும்பியபோது பின்னறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டப்பா திறந்திருந்தது.

"என்னங்க, மாஸ்டர் வந்தாரா?"

"வர வேணாம்னு சொல்லிட்டேன்."

அவள் கிட்டே போனாள். கோட்டுக்கு மேலும் கீழும் பச்சையும் க்ரீமும், ஆறிய பாலின் ஆடை போலச் சுருங்கித் திரண்டு எழுந்திருந்தது. கதவில் ஒரு இடத்தில் பிளாஸ்டிக்கே தெரிந்தது.

"நான்தான்" என்றார் அவர்.

"என்ன?"

"நான்தான் செஞ்சிருக்கேன். வெள்ளியைக் கொட்டிட்டேன். சுரண்டி எடுத்துப் போட்டேன், அதுவரைக்கும் ஞாபகம் இருக்கு. பத்தலைன்னு வேற எதையோ எடுத்திருக்கேன் போல. பழைய லாக்கர் பெயின்ட் ஒண்ணு, தின்னர்ல கரையறது, அலமாரியில இருக்குல்ல, அதுவாத்தான் இருக்கும். எனாமல் மேல லாக்கர். தூக்கத்துல எழுப்பிவிட்டாக்கூட நான் செய்யாத தப்பு இது." அவர் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "எடுத்த ஞாபகமே இல்ல எனக்கு. துளிகூட இல்ல."

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். நான்தான் போட்டேன் என்றால் ஏன் போட்டாய் என்று கேட்பார். அதற்குப் பதில் அவருடைய கை. அந்தச் சிவப்பு வேனிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

"விடுங்க" என்றாள். "வயசானா மறதி வரத்தானே செய்யும்."

சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை. அவர் தலையை ஆட்டினார். "அப்ப நீயும் கவனிச்சிருக்க" என்றார்.

மறுநாள் காலையில் அவர் பாட்டில்களை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் என்ன சமைத்தாய் என்று அவளிடம் கேட்டார். அவள் சொல்வதற்குள் தானே சொல்லிச் சரிதானா என்று பார்த்தார். பாப்பா பிறந்த கிழமையைச் சொன்னார், சரியாக இருந்தது. சமையல் கேஸ் மூடியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து போனார். அவள் பார்லருக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னால் வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"நாளைக்கு ஒருவேளை உன்னைப் பாத்து நீ யாருன்னு நான் கேட்டா, திட்டாத. எங்கப்பாவை நான் திட்டினதில்ல. அதே மாதிரி ஏதாவது பதில் சொல்லி வெய்யி. போதும்."

பார்லருக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் நகத்துக்குப் பூசிய சிவப்பு தோலில் ஏறியது. துடைத்துவிட்டுப் பூசினாள், மறுபடியும் ஏறியது. உங்களுக்கு என்னக்கா ஆச்சு என்று அந்தப் பெண் கேட்டாள். அவருக்குத் தலை நன்றாகத்தான் இருக்கிறது, நன்றாக இருக்கிற தலையை நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. பார்லர் மேடத்திடம் போய்ப் பேசிவிட்டு, மதியத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

அவர் படுக்கவில்லை. பின்னறை மேஜைக்கு முன்னால், வெறும் பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஈரக் குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"லாக்கரை நீங்க எடுக்கல. அது நெயில் பாலிஷ். நான் போட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கோடு போட்டது கோணலா இருந்துச்சு. தொடைச்சிட்டு நான் போட்டேன். வெள்ளி தீந்துபோச்சு, கையில இருந்ததைப் போட்டுட்டேன். இது சுருட்டும்னு தோணல எனக்கு. உங்களுக்கு ஒண்ணும் மறக்கல. நீங்க செய்யாததை எப்படி உங்களுக்கு ஞாபகம் இருக்கும்?"

பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நெயில் பாலிஷா?"

"ஆமாங்க."

"கார் கதவுக்கா?"

"ஆமான்னுதானே சொல்றேன்."

"அடிப் பாவி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப தலை இருக்கு. நேத்து ராத்திரியெல்லாம் ஒவ்வொரு பேரா சொல்லிப் பாத்துட்டுக் கெடந்தேன். ஒர்க்‌ஷாப்புல இருந்தவங்க பேரு, உங்க சித்தப்பா பசங்க பேரு. தலை இருக்குடி."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். குடையை மடித்துச் சுவரோரம் வைத்தாள்.

"கோணலா இருந்துச்சுன்னு சொன்ன."

"ஆமா."

"இது மட்டுமா?"

அவள் முந்தானையால் ஈரக் கையைத் துடைத்தாள்.

"அந்தச் சிவப்பு வேன்?"

"நான்தான்."

"நீல வண்டி, மேல கேரியர் வெச்சது?"

"அதுவும்."

அவர் எழுந்து போய் ஜன்னல் திட்டிலிருந்த ஒரு கறுப்புக் காரை எடுத்துவந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது?"

"இது நீங்க போட்டதுதான். நான் தொடவே இல்ல."

"நெசமாவா?"

"உங்கமேல ஆணையா."

அந்தக் காரை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். கோபம் அப்போதுதான் வந்தது. "என்னைக் கேட்டியா நீ? ஒரு வார்த்தை கேட்டியா? கை நல்லாத்தான் இருக்குன்னு உங்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நிம்மதியாப் படுத்துத் தூங்கினேன். நீ பாத்துட்டு இருந்திருக்க. முட்டாப்பய தூங்கட்டும்னு பாத்துட்டு இருந்திருக்க."

"நீங்க சிரிச்சீங்க" என்றாள் அவள். "அந்த வேனைப் பாத்துட்டுச் சிரிச்சீங்க. அதுக்கு முன்னாடி எப்ப சிரிச்சீங்கன்னு எனக்கு ஞாபகம் இல்ல. அதைப் பாத்தப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. தப்புதான். ஆனா எனக்கும் பயமா இருந்துச்சுங்க. உங்களுக்கு மட்டுமா உங்கப்பாவைத் தெரியும்? எனக்குந்தான் தெரியும். நானும் அவருக்குத் தலை வாரிவிட்டிருக்கேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னாள். "கை நடுங்குதுங்க உங்களுக்கு. ரொம்ப நாளா நடுங்குது. டம்ளர்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. கதவு சுருங்கிய அந்தப் பச்சை வண்டி இருவருக்கும் நடுவில் நின்றது. அதன் கண்ணாடி வழியாகப் பக்கத்து சீட்டின் அடியில் எதுவும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது போல, ஒவ்வொரு காரும் தன் இடத்தில் லேசாக மிதந்துகொண்டிருந்தது. பெயின்டர் நீண்ட நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்தார். மேஜைமேல், பேப்பரில், உள்ளங்கை கீழாக வைத்தார். விரல்களை விரித்தார். அவள் பார்க்க வேண்டும் என்று அவராக வைத்தது அதுதான் முதல் தடவை.

அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்க எத்தனையோ பேர் கையைப் பிடிக்கிறவள், இந்தக் கையைப் பிடித்து மாதக்கணக்காகிவிட்டது என்பது அதைத் தொட்டபோதுதான் தெரிந்தது. நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. கை மரக்கட்டையாக விறைத்திருந்தது.

"இறுக்கி வெக்காதீங்க. லூசா விடுங்க."

"விட்டா ஆடும்."

"ஆடட்டும்."

அவர் விட்டார். அது ஆடியது. அவள் அதை அழுத்திப் பிடிக்கவில்லை. அவள் வளையல்கள் மேஜையில் பட்டுச் சின்னச் சின்னதாகச் சத்தம் போட்டன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டரு என்ன சொல்லுவாரு?" என்றார்.

"தெரியலைங்க."

"நாளைக்கு உனக்குப் பார்லர் இருக்குமே."

"லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.